எட்டாவது பட்டை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே உன் அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் அம்மாவுக்குப் போன் செய்து சொல். மகளுக்கு என்று ஆரம்பித்திருப்பதைப் பார்த்து முகத்தைச் சுளிக்காதே. இதோடு வைத்திருக்கும் படிவத்தில் உரிமையாளருக்கு நான் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. என்ன போடுவது, அம்மாவை நான்கு வருடத்துக்கு முன்னால் கட்டிக்கொண்டவன், பெண்ணுக்கும் எனக்கும் பதினான்கு வயதுதான் வித்தியாசம் என்று போக்குவரத்து அலுவலகத்து எழுத்தரிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர் தலையைத் தூக்காமலேயே, அப்பான்னு போடுங்க சார், பின்னால ஆள் நிக்குது என்றார். படிவத்தில் ஒன்று கடிதத்தில் ஒன்று என்றால் ஒத்துவராது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நான் போன் செய்தால் இரண்டு நிமிடத்தில் அம்மாகிட்ட குடுங்க என்பாய், இது இரண்டு நிமிடத்து விஷயம் இல்லை, தவிர படிவத்தில் உன் கையெழுத்து மையில் வேண்டும், எப்படியும் தபாலில்தான் வர வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு இடது முழங்கால் வலி, படி ஏறும்போது மட்டும். எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர், அவள் டாக்டரை மாற்றிவிட்டாள். தண்ணீர் நிலையத்தில் அவளை ஆய்வகத்துக்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள், அன்றிலிருந்து நான் பம்ப் ஹவுசிலிருந்து அனுப்பும் மாதிரித் தண்ணீரில் பாதி திரும்பி வருகிறது, பாட்டிலில் நேரம் எழுதவில்லையாம், மூடி சரியாக இறுகவில்லையாம். மனைவி என்று ஒரு பாட்டிலுக்குக்கூடச் சலுகை கிடையாது. உன் மாமா ஞாயிறு தவறாமல் வருகிறார், காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது, வாய் அப்படியே இருக்கிறது. போன வாரம் நீ அம்மாவுக்கு அனுப்பிய படத்தில் உனக்குப் பின்னால் அறை ஹீட்டர் தெரிந்தது, அதை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டியிருக்கிறாய், அதே பெட்டியில் கெட்டிலும் இருக்கிறது. இதைப் படித்து முடிப்பதற்கு முன்னால் எழுந்து போய் அதைப் பிடுங்கு. ஹீட்டர் நேராகச் சுவரில்தான் மாட்ட வேண்டும், பிளக்கைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் பிளக்கையும் மாற்று. நீ இளைத்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள், எனக்கு ஹீட்டர்தான் கண்ணில் பட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவின் ஜீப்பைப் பிரித்துவிட்டேன். நீ கிளம்பிய அன்று கேட்டுக்குப் பக்கத்தில் பெட்டியோடு நின்று, அதுல ஒரு போல்ட்டைக்கூட நீங்க தொடக் கூடாது என்றாய், நானும் தலையாட்டினேன். இதுவரை அறுநூற்றுப் பன்னிரண்டு போல்ட் கழற்றியிருக்கிறேன், எல்லாம் மறுபடி அதன் அதன் இடத்தில் இருக்கிறது, துருவில் உடைந்த இருபத்திரண்டுக்கு மட்டும் புதிது. உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாய், அதனால்தான் கேட்கவில்லை, இதற்கு மேல் அதற்குச் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை. நடந்தது என்னவென்றால், வண்டி உன் பெயரில் இருப்பதால் உன் பெயருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. பதிவு முடியப் போகிறது, சொன்ன தேதிக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து காட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டும், இல்லையென்றால் பதிவு ரத்து. ரத்தான வண்டியைத் தெருவில் ஓட்டக் கூடாது, விற்கவும் முடியாது, நசுக்குகிற இடத்துக்குத்தான் போகும். அந்த நோட்டீஸை அம்மா சாப்பாட்டு மேசை விரிப்புக்கு அடியில் வைத்துவிட்டாள். ஒரு நாள் விரிப்பு மேடாக இருக்கிறதே என்று தூக்கினேன், அப்போது பதினொரு வாரம் மிச்சம் இருந்தது. அவளைக் கேட்டதற்கு, பொண்ணுகிட்ட சொல்ல வேண்டாம், போனா போகட்டும், எட்டு வருஷமா ஓடாத வண்டிதானே என்றாள். சொன்னவள் அன்று சாயங்காலத்துக்குள் மூன்று முறை சமையலறை ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தாள். எனக்கு முகம் பார்த்து எதுவும் புரியாது, எண்ணத் தெரியும்.

எட்டு வருடம் நின்ற வண்டி எப்படி இருக்கும். டேங்குக்கு அடியில் இருக்கும் திருகைத் திறந்தால் டீசலுக்குப் பதில் காப்பிக் கசடு மாதிரி ஒன்று இறங்கியது. ஏர் ஃபில்டருக்குள் எலி மூன்று தலைமுறையாகக் குடித்தனம் நடத்தியிருந்தது, வயரிங்கில் பாதி அதன் வயிற்றுக்குள் போயிருந்தது. பிரேக் குழாய்கள் தொட்டதும் உதிர்ந்தன. நாலு சக்கரமும் சேர்ந்து இழுப்பதற்கான லிவர் சிமெண்ட் வைத்துப் பூசியது போல் இறுகிக் கிடந்தது, மூன்று நாள் எண்ணெயில் ஊறவைத்துத்தான் அசைக்க முடிந்தது. இதெல்லாம் காலத்தின் வேலை, யாரையும் சொல்வதற்கில்லை. மிச்சம் உன் அப்பாவின் வேலை. அவர் நல்ல டிரைவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள், இருக்கலாம், மெக்கானிக் இல்லை. ஆக்சிலேட்டர் கேபிளுக்குச் சைக்கிள் பிரேக் ஒயர். பின் கதவுக்கு அலமாரித் தாழ்ப்பாள். ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஓடியது, வைப்பரைப் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. டீசல் முள் வேலை செய்யாததால் டேங்குக்குள் விட்டு அளப்பதற்கு உன் பள்ளிக்கூட ஸ்கேல், பின்பக்கம் உன் வகுப்பும் பிரிவும் இருக்கிறது, பதினைந்தாவது சென்டிமீட்டரில் போதும் என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது. நான் மேனுவலை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். முன் சக்கரங்களுக்குப் பழைய டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், எல்லா இருக்கைக்கும் பெல்ட். புது டீசல் முள் ஒழுங்காகக் காட்டுகிறது, ஸ்கேலுக்கு வேலை இல்லை, டூல் பெட்டியில் அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மாமா வாராவாரம் கொட்டகையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மச்சான் இந்த வண்டியில மலை ஏறினார் மாப்ளே, நீங்க அதுக்கடியில படுத்தே காலத்தை ஓட்டிருவீங்க போலிருக்கு என்றார். டார்ச்சைப் பிடிக்கச் சொன்னேன், என் கண்ணில் அடித்தார்.

இனிமேல்தான் உனக்குத் தெரிய வேண்டியது. அந்த வண்டி எப்போதும் இடது பக்கம் சாய்ந்து நிற்கும், நீயே பார்த்திருக்கிறாய், நாங்கள் எல்லோரும் பழசாகிவிட்டது, தொய்ந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம். பின்னால் குறுக்கே ரசமட்டம் வைத்தேன், குமிழி வலது கோடிக்கு ஓடியது. வலது பக்கம் நாலு சென்டிமீட்டர் உயரம். கீழே போய்ப் பார்த்தேன். பின் சக்கரங்களுக்கு மேலே வண்டியைத் தாங்குவது இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங், மேனுவல்படி பக்கத்துக்கு ஏழு பட்டை. இடது பக்கம் ஏழு இருந்தது. வலது பக்கம் எட்டு. எட்டாவது கம்பெனிப் பட்டையே இல்லை, எங்கேயோ கையால் அடித்தது. பட்டையை எண்ணக்கூடத் தெரியாமல் மாட்டியிருக்கிறாரே மனுஷன் என்று வாய்விட்டுச் சொன்னேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஏழுக்கு ஏழாக மாட்டி இறக்கினேன், வண்டி நூல் பிடித்த மாதிரி நின்றது. ரசமட்டத்தில் குமிழி நடுவில். பெருமையாகத்தான் இருந்தது, பார்க்க வா என்று அம்மாவைக் கூப்பிட்டேன். கையில் கரண்டியோடு வந்தாள், பின்வாசல் படியிலேயே நின்றாள், குமிழியைப் பார்க்கவே இல்லை, உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் கேட்டதற்கு மட்டும் பதில். சமையலறை ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டாள், இந்தப் புழுக்கத்தில். பெயிண்ட் வாடை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று பெயிண்ட் அடிப்பதை நிறுத்தினேன், ஜன்னல் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் ஸ்பிரிங்குக்கு ரப்பர் புஷ் வாங்கப் பாலத்துக்குக் கீழே இருக்கும் பட்டறைக்குப் போனேன். அந்த எட்டாவது பட்டையையும் பழைய இரும்போடு போட்டுவிடலாம் என்று எடுத்துப் போயிருந்தேன். பட்டறைக்காரர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது நான் அடிச்சதாச்சே. இதை ஏன் கழட்டினீங்க?" என்றார். ஒரு பக்கம் ஏழு, ஒரு பக்கம் எட்டு, கணக்கு தப்பு என்றேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு என்ன எடை இருப்பீங்க என்று கேட்டார். ஐம்பத்தேழு என்றேன். "அவர் நூத்திப் பதினெட்டு" என்றார். பிறகு சொன்னார். உன் அப்பா ஏறி உட்கார்ந்தால் வண்டி அவர் பக்கம் இறங்கிவிடுமாம். முன் சீட் வழுக்கும் ரெக்சின், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீ வளைவுக்கு வளைவு சறுக்கிப் போய் அவர் விலாவில் இடிப்பாயாம், உனக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. ஒரு நாள் உன்னையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்து, பாப்பா நேரா உக்காரணும், அதுக்கு என்ன பண்ணணுமோ பண்ணுங்க என்று சொல்லியிருக்கிறார். பட்டறைக்காரர் அவரை ஒரு பக்கமும் உன்னை ஒரு பக்கமும் உட்காரவைத்து, அளந்து, பட்டையைக் காய்ச்சி வளைத்து, மாட்டிப் பார்த்து, மறுபடி கழற்றி, மூன்றாவது தடவையில்தான் சரியாக வந்ததாம். நீ முழுப் பொழுதும் சீட்டை விட்டு இறங்காமல், முடிஞ்சுதா முடிஞ்சுதா என்று அவர் உயிரை வாங்கினாயாம். உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ.

ஆக, அது தப்பாக மாட்டிய பட்டை இல்லை. அவர் உட்கார்ந்தால் வண்டி நேராக வரும், இறங்கினால் இடது பக்கம் சாயும். எட்டு வருடமாக அது சரியாகத்தான் நின்றுகொண்டிருந்தது, ஏறுவதற்கு ஆள்தான் இல்லை. அந்த வண்டியில் உன் அப்பா கணக்குப் போட்டுச் செய்த வேலை இது ஒன்றுதான், அத்தனை வேலையில் நான் தப்பு என்று பெயர் வைத்துக் கழற்றி எறிந்ததும் அதைத்தான். எனக்கு எண்ணத் தெரிந்தது, எதற்கு என்று கேட்கத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குப் பட்டையைப் பற்றி எதுவும் தெரியாது, வண்டியைப் பற்றித் தெரிந்திருக்கிறது. அந்தக் காலத்தில் அவள் சமையலறையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பாளாம், வண்டி சாய்ந்திருந்தால் அவர் வீட்டுக்குள் எங்கேயோ இருக்கிறார், நேராக இருந்தால் ஏறிவிட்டார், மறந்து வைத்ததைக் கொடுக்க ஓட வேண்டும். அன்று நான் கூப்பிட்டபோது அவள் வந்து பார்த்தால் வண்டி நேராக நிற்கிறது. "காலி வண்டிங்க அது. ஆனா உள்ள அவர் உக்காந்திருக்கிற மாதிரியே நிக்குது. ஜன்னலைத் தொறந்தா எனக்குக் கை ஓடலை" என்றாள். எனக்கு இந்த ஆவி கீவியில் எல்லாம் நம்பிக்கை கிடையாது, அவளுக்கும் கிடையாது, ஆய்வகத்தில் இருப்பவள். ஆனால் அவளுக்கு அந்த வண்டி அளவு காட்டுகிற ஒரு முள் மாதிரி, பத்து வருடம் பார்த்துப் பழகிய முள், அதை நான் தப்பான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். மறுநாள் காலை வேலைக்குப் போவதற்கு முன்னால் எட்டாவது பட்டையை மறுபடி மாட்டினேன். வண்டி சாய்ந்தது. நான் கை கழுவி முடிப்பதற்குள் ஜன்னல் திறந்துவிட்டது.

இதனால் வேறு ஒரு சிக்கல் வந்தது. நாலு நாளில் சோதனை. சாய்ந்து நிற்கும் வண்டிக்கு யாரும் தகுதிச் சான்று தர மாட்டார்கள், நானே அதிகாரியாக இருந்தால் தர மாட்டேன். சோதனைக்கு மட்டும் கழற்றிவிட்டு வந்து மாட்டிக்கொள்ளுங்களேன் என்றார் மாமா. காட்டும்போது ஒன்று ஓட்டும்போது ஒன்று என்று செய்ய எனக்கு வராது. அப்படியே ஓட்டிக்கொண்டு போனேன், அம்மா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில். அங்கே சரளைக்கல் கொட்டிய பெரிய மைதானம், ஒரு மேசை, ஒரு குடை. அதிகாரி வண்டியைச் சுற்றி வந்தார், விளக்கு, பிரேக், புகை எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டார், பின்னால் போய் நின்றார். "இவ்வளவு சாயுதே, பட்டை உடைஞ்சிருக்கா?" என்றார். உடையலை சார், ஒருத்தர் எடைக்காகப் போட்டது என்றேன். யார் எடைக்கு என்றார். வண்டிக்காரர் எடைக்கு, இறந்துட்டார் என்றேன். "அப்ப நான் யார் எடைக்குச் சான்று தர்றது?" என்றார். நியாயமான கேள்வி. அப்போதுதான் கவனித்தேன், மனிதர் நல்ல ஆகிருதி, பெல்ட்டில் கடைசி ஓட்டையில் நிற்கிறார். சார், நீங்களே ஏறி ஓட்டிப் பாருங்க என்றேன். அம்மாவை இறங்கச் சொன்னேன், முழங்கால் என்று அவள் இறங்கவில்லை. அவர் கம்பியைப் பிடித்து ஒரு மூச்சு வாங்கி ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் நின்று பார்த்தேன். வலது பக்கம் மெதுவாக இறங்கியது, இறங்கி, நேராக நின்றது. ரசமட்டம் வைக்கத் தேவையே இல்லை. அம்மா ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தபடி இருந்தாள், வலது பக்கம் திரும்பவில்லை. மைதானத்தை இரண்டு சுற்று ஓட்டினார், நாலு சக்கரத்தையும் போட்டு மண்மேட்டில் ஏற்றி இறக்கினார், வந்து நிறுத்தினார். "யார் அடிச்ச பட்டைங்க இது, அளந்து அடிச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும் வழியில் அம்மா ஃபைலில் தாள்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு வந்தாள். பாலம் தாண்டின பிறகு, "அவரைவிட இவர் ஒரு அஞ்சு கிலோ கம்மி" என்றாள்.

இப்போது உன் கையில் இருக்கிறது. சான்று வந்துவிட்டது, பதிவைப் புதுப்பிக்க உரிமையாளர் கையெழுத்து முப்பது நாளுக்குள் வேண்டும், நானோ அம்மாவோ போட முடியாது. நான் மாற்றியது எல்லாவற்றையும் தனித்தாளில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன், எதை எடுக்க வேண்டுமோ அதன் எதிரே ஒரு கோடு போடு, எடுத்துவிட்டுப் பழையதை மாட்டுகிறேன், பழைய சாமான் எல்லாம் எண்ணெய் பூசிப் பெட்டியில் இருக்கிறது. டிஸ்க் பிரேக்குக்கு மட்டும் கோடு போடாதே, போட்டாலும் எடுக்க மாட்டேன். கையெழுத்தே போட விருப்பமில்லை என்றால் அதையும் ஒரு வரியில் எழுது. நசுக்குகிற இடத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன், உன்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன், உன் அப்பா வண்டி, உன் பேச்சு. அம்மாவிடம் கேட்காதே, அவள் உன் இஷ்டம் என்றுதான் சொல்வாள், அவள் இஷ்டம் என்ன என்று மேலே எழுதியிருக்கிறேன்.

கையெழுத்து மூன்று இடத்தில், பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன், கட்டத்தைத் தாண்டி வெளியே வரக் கூடாது, வந்தால் அந்த எழுத்தர் திருப்பி அனுப்புவார். ஆசீர்வாதம் பண்ணுகிற வயது எனக்கு இல்லை, கடிதம் என்றால் ஆசீர்வாதம் பண்ணித்தான் முடிக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறாள், ஆகவே நீ நோய் நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாக இரு. லீவு எப்போது என்று எழுது, ஸ்டேஷனுக்கு இந்த வண்டியில்தான் வருவேன், இருந்தால். ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஓட்டுவது நான் என்றால் என் எடைக்கு வண்டி நேராக வராது, இடது பக்கம் சாய்ந்தேதான் போகும். நீ என் பக்கம் சறுக்க மாட்டாய், கதவுப் பக்கம் சறுக்குவாய். அதைச் சரிசெய்ய நான் எதுவும் செய்யவில்லை, செய்யப்போவதும் இல்லை. உன் பக்கம் கதவுக்கு மேலே ஒரு கைப்பிடி போட்டிருக்கிறேன், இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்துவிட்டேன், தாங்குகிறது. பிடித்துக்கொண்டு உட்கார்.

இப்படிக்கு,
அம்மாவும், நானும்.